சிக்கனம் யார் தட்டில் விழுந்தது: மதுரைக் குடும்பம் ஒன்றின் ஓராண்டுச் செலவுக் கணக்கு

இந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், தெரு, வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். எண்கள் மட்டும் அவர்கள் நோட்டிலும் கரண்ட் பில்லிலும் இருப்பவை. நான் மதுரையில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். இந்த வீட்டுப் பெண் எங்கள் குழு உறுப்பினர். மாதக் கூட்டத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தால்தான் இந்தக் கணக்குக்குள் நான் வந்தேன்.

பின்னணி

வீட்டில் ஐந்து பேர். கணவர் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறார், சம்பளம் 17,000. மனைவி வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறார், மாதம் சராசரியாக 3,500 வரும். பதினொன்றாம் வகுப்பில் மகன், ஏழாம் வகுப்பில் மகள். கணவரின் அம்மாவுக்கு 72 வயது. வீடு பழையது என்றாலும் சொந்த வீடு, வாடகை இல்லை. ஏ.சி. கிடையாது. கையில் எப்போதும் பணம் இல்லை, ஆனால் பெரிய கடனும் இல்லை. மாதக் கடைசி பத்து நாள் தெருமுனை மளிகைக் கடையில் நோட்டில் எழுதி வாங்கித்தான் ஓடும்.

ஜூன் முதல் செப்டம்பர் 2023 வரை: முதல் சிக்கனம்

அந்த ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனது பலருக்கு நினைவிருக்கும். பருப்பும் ஏறிக்கொண்டிருந்தது. கணவர் ஒரு நாள் உட்கார்ந்து, செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எதைக் குறைப்பது என்று யாரும் பேசவில்லை. சமைக்கிறவர் கையில் அந்தப் பொறுப்பு தானாக வந்து சேர்ந்தது.

ஒரு லிட்டர் பால் அரை லிட்டரானது. முட்டை பிள்ளைகளுக்கு மட்டும். பழம் நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கறி மாதம் ஒரு முறை என்றானது. ஆவின் பச்சை பாக்கெட் பால் அரை லிட்டர் அப்போது 22 ரூபாய், அதில் மாதம் 660 மிச்சம். முட்டை, பழம், கறி எல்லாம் சேர்த்து மாதம் 1,500 ரூபாய் போலக் குறைத்திருந்தார்கள். நான்கு பேருக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததற்குக் காரணம், குறைந்ததில் பெரும்பங்கு ஐந்தாவது ஆளின் தட்டில் இருந்து போனது.

ஆகஸ்ட் கடைசியில் கரண்ட் பில் வந்தது. 680 யூனிட், 3,470 ரூபாய். இரண்டு மாதம் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்ததை விட அந்த ஒரு பில் பெரிது.

அடுத்த அடி செப்டம்பரில். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு மனைவி மனு கொடுத்திருந்தார். மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்று வீடே காத்திருந்தது. மனு ஏற்கப்படவில்லை என்று செய்தி வந்தது. உதவி மையத்தில் போய்க் கேட்டபோது காரணம் தெரிந்தது: ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் குடும்பத்துக்குத் தகுதி இல்லை. அவர்கள் ஆறு பில்லையும் கூட்டினால் 3,720. ஆண்டு வருமானம் 2,46,000, அதாவது இரண்டரை லட்சம் வரம்புக்குள்தான் இருந்தது. கரண்டில்தான் போனது.

அந்த வாரம் நடந்த மாதக் குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போட எழுந்தவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"டீ குடிச்சேன்க்கா."

"அதுக்கு முந்தி ராத்திரி?"

"ரசம் இருந்துச்சு. பாலு, முட்டைல்லாம் பிள்ளைகளுக்கே பத்தலக்கா."

மறுநாள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பார்கள். இது ஏதோ அபூர்வம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கொடுத்தார்கள். அன்று மாலை கணவரிடம் சீட்டைக் காட்டினேன். அவருக்கு ஒன்றுமே தெரியாது. "நான் செலவைத்தானக்கா குறைக்கச் சொன்னேன், அவளைச் சாப்பிட வேண்டாம்னா சொன்னேன்?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் வீட்டில் "குறைக்கணும்" என்று பொதுவாகச் சொன்னால் அது எங்கே போய் விழும் என்பது எங்கள் குழுவில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அக்டோபர் 2023: எழுதிப் பார்த்ததில் தெரிந்தது

முதல் முடிவாகப் பாலைத் திரும்ப ஒரு லிட்டர் ஆக்கினோம். முட்டை ஐந்து பேருக்கும். மாதம் ஆயிரம் ரூபாய் செலவு கூடியது. கணவர் தயங்கினார். இதைத் தள்ளிப்போட முடியாது, மற்ற கணக்கெல்லாம் இதற்கு மேல்தான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

அப்புறம் நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஒரு மாதம் எதையும் குறைக்க வேண்டாம், ஐந்து ரூபாய் ஆனாலும் எழுத மட்டும் செய்யுங்கள் என்றேன். மகள் எழுதினாள். மகன் மீட்டர் ரீடிங் எடுத்தான்.

மளிகைதான் முதலில் கண்ணில் பட்டது. மிளகாய்த்தூள், புளி, சோப்பு, எண்ணெய் எல்லாம் சின்ன பாக்கெட்டாக, தினமும். கடன் நோட்டில் வாங்குகிறவர்கள் விலை கேட்பதில்லை. கேட்கக் கூச்சம். அதே மாதத்தில் ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பையும், 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலையும் வாங்கவில்லை. வெளியே துவரம்பருப்பு 150-க்கு மேல். கேட்டால், பருப்பு வரும் நாள் தெரியாது, வரிசையில் நின்றால் தையல் கெடும் என்றார். நியாயமான காரணம்தான். அதை அவர் ஒருவரே செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் நியாயமில்லை.

வாரம் மூன்று பாக்கெட் இட்லி மாவு. பாட்டிக்கு ஒரு செல்போன், அதற்கு அவர் தொடாத டேட்டாவோடு மாதா மாதம் ரீசார்ஜ். நூல், லைனிங் துணி வாங்கப் போகும்போது ஷேர் ஆட்டோ. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, இருந்தும் பழக்கம்.

கரண்ட் கணக்கை நிதானமாகப் பார்த்தோம். ஏனென்றால் அது இரண்டு பக்கமும் வெட்டியது, பில்லிலும் உரிமைத் தொகையிலும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. அப்போது நடப்பில் இருந்த 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்குள் முடித்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725. ஐந்நூறைத் தாண்டினால் 101-இல் இருந்தே 4.50 போட ஆரம்பித்துவிடும், 400-க்கு மேல் அதே 6, 500-க்கு மேல் 8, 600-க்கு மேல் 9. ஆக 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். அந்த வீட்டில் இதை யாருக்கும் யாரும் சொன்னதில்லை. அவர்கள் ஓர் ஆண்டு முழுக்க ஒரு பில்லில்கூட ஐந்நூறுக்குள் நின்றதில்லை.

ஏ.சி. இல்லாத வீட்டில் 600 யூனிட் எங்கே போகிறது? நான்கு ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட், நாளுக்குப் பதினாறு மணி நேரம். அதிலேயே தினம் 4.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 288. வேகத்தைக் குறைத்து வைத்தால் கரண்ட் குறையும் என்று நம்பியிருந்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்தது பழைய பெட்டி ரெகுலேட்டர், அது மிச்சத்தைச் சூடாக்கித்தான் வீணாக்கும்.

ஒரு மதியம் ஃப்ரிட்ஜ் தவிர எல்லாவற்றையும் மூன்று மணி நேரம் நிறுத்தி ரீடிங் பார்த்தோம். நாளுக்கு 2.4 யூனிட் கணக்கு வந்தது. பதினைந்து வருஷத்து ஃப்ரிட்ஜ். கதவிடுக்கில் ஒரு துண்டுப் பேப்பரை வைத்து மூடினால் இழுத்ததும் வந்துவிட்டது, ரப்பர் பிடிக்கவில்லை.

மோட்டாரைத்தான் யாரும் சந்தேகப்படவே இல்லை. ஒரு ஹெச்.பி. மோட்டார், தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஐந்து பேருக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லையே என்று கழிப்பறை ஃப்ளஷ் டேங்கில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைப் போட்டுவிட்டு வந்தோம். கால் மணி நேரத்தில், யாரும் அழுத்தாமலே, கோப்பையில் மஞ்சள் தண்ணீர். இரவு பகலாக ஒழுகியிருக்கிறது. சத்தமே இல்லை.

நடையில் ஒரு 60 வாட் குண்டு பல்பு இரவு முழுக்க எரிந்தது. கணவர் அதை அணைக்கச் சொன்னார். அது பாட்டி இரவில் பாத்ரூம் போக எரிகிற விளக்கு. இருட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எந்தச் சேமிப்பு தாங்கும்? 5 வாட் எல்.இ.டி. மாட்டினோம், விடிய விடிய எரியட்டும் என்று விட்டோம்.

முடிவுகளும் அவற்றின் காரணமும்

விலை குறைந்த வேலையை முதலில் செய்தோம். ஃப்ளஷ் வால்வு, கூடவே மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு, 650 ரூபாய். மோட்டார் நேரம் அரை மணி நேரமாகச் சுருங்கியது. டியூப் லைட்டுகளையும் பல்பையும் மாற்ற 800. ஃப்ரிட்ஜ் ரப்பருக்கு 600. புது ஃப்ரிட்ஜ் வாங்கலாமா என்று பேச்சு வந்தது. தவணையில் எடுத்தால் மிச்சப்படும் கரண்டை விடத் தவணை பெரிது, அதனால் விட்டோம்.

ஃபேன் யோசிக்க வைத்தது. பி.எல்.டி.சி. என்று குறைந்த கரண்டில் ஓடும் ஒரு வகை ஃபேன் 30 வாட்தான் எடுக்கும், விலை 2,900. பதினாறு மணி நேரம் ஓடும் ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். நான்கையும் மாற்றக் காசில்லை. அதிக நேரம் ஓடுவது ஹாலிலும் பெரிய அறையிலும்தான், அந்த இரண்டை மட்டும் மாற்றுவது என்று முடிவு. டிசம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் 6,000 எடுத்தார்.

இட்லி மாவில் நான் தப்பாக யோசனை சொன்னேன். ரேஷன் புழுங்கலரிசி வருகிறது, கிரைண்டர் இருக்கிறது, வீட்டில் அரைத்தால் மாதம் 400 மிச்சம் என்றேன். சனிக்கிழமை இரவு தையலை முடித்துவிட்டு அவர் அரைத்தார். ஊறப்போட, அரைக்க, கழுவ என்று மூன்று மணி நேரம். மூன்றாவது வாரம் ஒரு ப்ளவுஸ் சொன்ன நாளில் கொடுக்க முடியாமல் போனது. ஒரு ப்ளவுஸ் தைக்க 130 ரூபாய். அவர் உட்கார்ந்து அரைத்தால் மாவில் வரும் மிச்சம் தையலில் போகிறது. அவருடைய நேரத்துக்கு நான் விலையே போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு ஞாயிறு காலை கணவரும் மகனும் அரைப்பது என்று மாறியது. கிரைண்டர் கழுவுவதில் முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருந்தது, பிறகு பழகிவிட்டது. ரேஷன் கடை வரிசையும் மகன் பொறுப்பு. கடையில் பருப்பு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

மளிகையைச் சம்பளம் வந்த இரண்டாம் நாள் மொத்தமாக வாங்குவது என்று வைத்தோம். இதில் ஒரு சிக்கல் இருந்தது: பழைய பாக்கி 4,200 நிற்கும்போது வேறு கடையில் போய் ரொக்கம் கொடுத்து வாங்க மனசு வரவில்லை. அந்தக் கடைக்காரர்தான் கஷ்ட காலத்தில் கொடுத்தவர். அவரிடமே பேசினோம். மாதம் 350 பாக்கியில் கழிப்பது, புதுச் சாமானுக்கு ரொக்கம், கிலோ விலைக்கே தருவது. அவர் ஒப்புக்கொண்டார். மாதம் 600, 700 ரூபாய் இதில் குறைந்தது.

பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வைப்பது, மஞ்சளாக எரிந்த பர்னரைச் சுத்தம் செய்வது என்று கேஸ் 26 நாளில் இருந்து 32 நாள் வரை நீண்டது. அந்த ஆகஸ்ட் கடைசியில் சிலிண்டர் விலையே 200 ரூபாய் குறைந்திருந்தது. அதை எங்கள் சேமிப்பாக எழுதக் கூடாது என்று நோட்டில் தனியாகக் குறித்தோம்.

கணவர் கடையருகே தினம் 45 ரூபாய்க்கு டீ, வடை சாப்பிடுவார். அதை நான் தொடவில்லை. மனைவியின் தட்டில் கை வைத்தது தவறென்றால் இதுவும் அப்படித்தான். அவராகவே ஒரு வடையை விட்டுவிட்டார்.

ஏப்ரல் 2024: சறுக்கல்

டிசம்பர் பில் 498 யூனிட், 1,713 ரூபாய். முதல் முறையாக ஐந்நூறுக்குள். பிப்ரவரியில் 455. எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது, மகன் ரீடிங் எடுப்பதை நிறுத்திவிட்டான்.

ஏப்ரலில் சித்திரைத் திருவிழா. 23-ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரில் இருந்து ஆறு உறவினர்கள் வந்து நான்கு நாள் தங்கினார்கள். எல்லா ஃபேனும் இரவு பகலாக ஓடின, மோட்டார் இரண்டு வேளை. மாதக் கடைசியில் கணக்கெடுத்தபோது 505. பில் 1,990. ஐந்து யூனிட்டுக்கு 265 ரூபாய் கூடுதல்.

வந்தவர்களுக்கு ஃபேனைப் போடாமல் இருக்க முடியாது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஏப்ரல் பத்தாம் தேதியே ரீடிங் பார்த்திருந்தால், அதற்குப் பிறகு துணி தேய்ப்பதை மே மாதத்துக்குத் தள்ளியே அந்த ஐந்து யூனிட்டைப் பிடித்திருக்கலாம். இஸ்திரிப்பெட்டி 1,000 வாட், மணிக்கு ஒரு யூனிட் வரை எடுக்கும். அன்றில் இருந்து மாதம் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எண்ணை எழுதுகிறார்கள்.

என்ன ஆனது

ஜூன் 2024-இல் 488 யூனிட், போன ஜூனில் அது 690. ஆகஸ்டில் 476. ஜூலையில் மின்கட்டணம் 4.83 சதவீதம் ஏறியும் பில் பெரிதாகவில்லை. ஓராண்டு மொத்தம் 3,012 யூனிட். முந்தைய ஆண்டின் 3,720 யூனிட்டை 2022 கட்டணத்தில் போட்டால் 17,680 ரூபாய், இந்த ஆண்டு கட்டியது 11,100-ஐ ஒட்டி. 6,500 ரூபாய் மிச்சம்.

ஆனால் வால்வு, விளக்கு, ரப்பர், இரண்டு ஃபேன் எல்லாம் சேர்த்துச் செலவு 7,850. ஆக முதல் ஆண்டு கரண்டில் கையில் ஒன்றும் நிற்கவில்லை, 1,300 ரூபாய் கைவிட்டுத்தான் போனது. இரண்டாம் ஆண்டில் இருந்துதான் லாபம். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்குக்கு மதிப்பில்லை.

மளிகை, மாவு, ரேஷன், ரீசார்ஜ், கேஸ் எல்லாம் சேர்த்து மாதம் 1,500-இல் இருந்து 1,700 வரை குறைந்தது. அதில் ஆயிரம் பாலுக்கும் முட்டைக்கும் போனது. மிச்சத்தில் மளிகைப் பாக்கி கரைந்தது, 2024 அக்டோபரில் கடைக்காரர் நோட்டில் கோடு போட்டு அடித்தார். குழுக் கடனும் அடைந்தது.

மார்ச் 2024-இல் ஹீமோகுளோபின் 11.4. முருங்கைக்கீரை, முட்டை, மாத்திரை மூன்றும் சேர்ந்து செய்த வேலை. இன்னும் 12-ஐத் தொடவில்லை என்பதால் மாத்திரை தொடர்ந்தது.

உரிமைத் தொகை நிராகரிக்கப்பட்டபோது மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருந்தது. நிராகரித்த காரணம் உண்மையாக இருந்ததால் அப்போது செய்யவில்லை. 2025 ஜூலையில் மனு வாங்கும் அரசு முகாம்கள் தொடங்கியதும் மறுபடி மனு கொடுத்தார். சம்பளம் ஏறவே இல்லை, அதனால் வருமானம் வரம்புக்குள்தான். இதை எழுதும்போது பதில் வரவில்லை.

மறுபடி செய்வதானால்

நோட்டில் முதல் பக்கத்தில் செலவுக்கு முன்னால் வேறொன்றை எழுதச் சொல்வேன்: வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வாரம் என்ன சாப்பிட்டார்கள், யார் கடைசியில் சாப்பிட்டார்கள். கூட்டத்தில் அவர் தலைசுற்றி நிற்கும் வரை நான் பார்த்ததெல்லாம் அவருடைய சேமிப்புக் கணக்கை மட்டுமே. மாதம் தவறாமல் கட்டுகிறார் என்று பாராட்டவும் செய்திருக்கிறேன். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

இரண்டாவது ஃபேனை மார்ச் வரை தள்ளாமல் பிப்ரவரியிலேயே மாட்டியிருப்பேன், ஏப்ரல் ஐந்நூறுக்குள் நின்றிருக்கும். எந்தச் சேமிப்பு யோசனையைச் சொன்னாலும், அதைச் செய்யப் போவது யார், எத்தனை மணி நேரம் என்று கூடவே எழுதுவேன்.

எங்கள் குழுவில் இப்போது கடன் மனுவோடு இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறோம். கடைசி கரண்ட் பில்லில் எத்தனை யூனிட்? கடைசியாக ஹீமோகுளோபின் பார்த்தது எப்போது? முதல் கேள்விக்குப் பதினான்கு பேரில் ஒன்பது பேர் பதில் சொன்னார்கள். இரண்டாவதற்கு மூன்று பேர். மற்ற பதினொரு பேரையும் அடுத்த மாதம் சுகாதார நிலையத்துக்கு ஒன்றாகக் கூட்டிப் போவதாக இருக்கிறோம்.